பத்தாம் வீட்டு மண்டகப்படி

ஜொகூர் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடுங்கள். சிம்பாங் ரெங்கத்தில் தொடங்கி மெர்சிங் கடற்கரை வரைக்கும் போய் வாருங்கள். எங்கள் மண்டகப்படி அக்காவைப் போல ஏசத் தெரிந்த ஒரு பிறவி அன்றைக்கும் இருந்ததில்லை, இன்றைக்கும் இல்லை. அடித்துச் சொல்வேன். இப்போது பேருந்திலும் பாசாரிலும் காதில் விழுகிறதே, அதெல்லாம் ஏச்சா? வெறும் சத்தம்.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவதோடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் பத்திரிகைக்காரர்கள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் யாரும் கை வைக்க வேண்டியதில்லை. எல்லாம் நான் கண்ணால் பார்த்தது. ஒன்றே ஒன்றை மட்டும் காதால் கேட்காமல் விட்டேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

சிம்பாங் ரெங்கத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன ரப்பர் தோட்டம். ஒரே ஒரு லயம். பத்து வீட்டுக்கும் ஒரே கூரை, ஒரே நீள வாசல். கடைசியாக இருந்த பத்தாவது வீடு எங்களுடையது. அப்பாவும் அம்மாவும் காய்ச்சலில் போய்விட்டதால் நானும் அண்ணன் காத்தமுத்துவும்தான் அதில் இருந்தோம். எனக்குப் பதினேழு வயது, அவனுக்கு இருபத்திரண்டு. ஜப்பான்காரன் வந்து, வெள்ளைக்காரத் துரை சிங்கப்பூருக்கு ஓடி, பால்மரங்களைச் சாய்த்துவிட்டு மரவள்ளி நட்டுக்கொண்டிருந்த காலம் அது. அரிசி கனவில் வரும். துணி கனவிலும் வராது.

மண்டகப்படி அக்காவுக்கு ஆபிசையும் துரை பங்களாவையும் கூட்டுகிற வேலை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைக்குப் பின்னால் ஓர் அறையில் தனியாக இருந்தாள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கறுத்து, ஒல்லியாக, கொக்கி போல இருப்பாள். அவள் புருஷன் கப்பலேறி ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. அவள் வாய்க்குப் பயந்து கப்பலில் போகாமல் நீந்தியே போய்விட்டார் என்று லயத்தில் பேச்சு. அவளுடைய சொந்தப் பெயர் ஆள் பேர் பதிகிற செக்ரோல் புத்தகத்தில் மட்டும் இருந்தது. கிழவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

நாங்கள் எல்லாம் ஏச்சு என்றுதான் சொல்வோம். மண்டகப்படி என்ற சொல்லைக் கொண்டுவந்தவர் எங்கள் மாரியம்மன் கோயில் பண்டாரம். ஒரு கால் கொஞ்சம் இழுக்கும், மதுரைப் பக்கத்துக்காரர். ஒரு நாள் அண்ணன் அவரைப் பிடித்துக்கொண்டான்.

"என்னா சாமி அது, மண்டகப்படி?"

"எங்க ஊர்ல திருவிழான்னா பத்து நாள்டா. சாமி பொறப்பட்டு வீதியில வரும். வழியில அங்கங்க மண்டபம் இருக்கும். மண்டபத்துக்கு மண்டபம் சாமி நிக்கும். மொத நாள் ஒரு குடும்பம் படையல் போடும், மறுநாள் வேற குடும்பம். மண்டபத்துல சாமிக்கு அளக்கிற படிதான் மண்டகப்படி. ஒருத்தர் முறைய இன்னொருத்தர் தொடக்கூடாது. தொட்டா வெட்டுக்குத்துதான்."

"அது சரி. ஏச்சுக்கு எதுக்கு அந்தப் பேரு?"

"ஊர்லயே அப்பிடித்தாண்டா சொல்றது. வீட்டுக்குத் தாமசமா போறவன் 'இன்னைக்கு எனக்கு மண்டகப்படிதான்'ம்பான். ஒண்ணு விடாம வரிசையா எடுத்து வச்சுப் படைக்கிறோம்ல, அது மாதிரி ஒண்ணு விடாம வரிசையா வாங்கிக் கட்டிக்கிறது."

அண்ணன் தலையைச் சொறிந்தான். "அங்க சாமி நிக்குது, நாம குடுக்கிறோம். இங்க அக்காவே நிக்குது, அக்காவே குடுக்குதே சாமி?"

"அதனாலதான்டா இது பெரிய சாமி" என்றார் பண்டாரம்.

பெயர் சும்மா வரவில்லை. அக்காவின் ஏச்சுக்கு முறை உண்டு. ஒரு நாளைக்கு ஒரு வீடு. முதல் நாள் முதல் வீடு, பத்தாம் நாள் எங்கள் வீடு, மறுநாள் திரும்பவும் முதல் வீடு. எவ்வளவு கோபம் வந்தாலும் ஒரே நாளில் இரண்டாவது வீட்டை ஏச மாட்டாள். மூன்றாம் வீட்டு முறையன்று ஏழாம் வீட்டுக்காரன் அவள் மேல் தெரியாமல் கஞ்சித் தண்ணீரை ஊற்றிவிட்டான். "உன் நாளு வெள்ளிக்கெழமைடா" என்று சொல்லிவிட்டு நனைந்தபடியே போனாள். வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்த மனுஷனுக்குத் தொண்டையில் கிழங்கு இறங்கவில்லை.

சாயங்காலம் நாலு மணி சுமாருக்கு வருவாள். முறை வீட்டு வாசலுக்கு நேரே சாக்கடைக்கு அந்தப் பக்கம் நிற்பாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகுவாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குவாள். வாசலில் கிடக்கும் விளக்குமாற்றில் தொடங்கி, பானை, அடுப்பு, கொடியில் காய்கிற துணி என்று உள்ளே போய், பெண்டாட்டி, புருஷன், அவர்களைப் பெற்றவர்கள், அவர்கள் ஏறி வந்த கப்பல் வரைக்கும் போவாள். கெட்ட வார்த்தை ஒன்று வராது. "நாசமாப் போ, செத்துப் போ" என்ற பேச்சும் கிடையாது. "சாவுறதுக்கு நான் எதுக்குடி சொல்லணும், அதுக்குத்தான் ஜப்பான்காரன் இருக்கானே" என்பாள். கடைசியில் கையை இறக்கி, ஒன்றுமே நடக்காதது மாதிரி, "தண்ணி குடு" என்று கேட்பாள். செம்பை அண்ணாந்து குடித்துவிட்டுப் போய்விடுவாள். தண்ணீர் கேட்டால் பூசை முடிந்தது என்று அர்த்தம்.

இரண்டாம் வீட்டு ராக்காயி அக்கா கெட்டிக்காரி. ஒரு தடவை முதல் நாளே வாசலை மெழுகி, சட்டி பானையெல்லாம் சாம்பல் போட்டுத் துலக்கி, தேங்காய்ச் சிரட்டையில் தேங்கின தண்ணீரைக்கூடக் கவிழ்த்து வைத்துவிட்டு, இன்றைக்கு என்ன சொல்லப் போகிறாள் பார்ப்போம் என்று இடுப்பில் கை வைத்து நின்றாள். அக்கா வந்தாள். மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏண்டி, இவ்வளவு சுத்தமா வச்சிருக்கியே, எதைடி மறைக்கிற? சமைச்ச வீடு மாதிரியே இல்ல. புருஷனுக்குக் கஞ்சி ஊத்தினியா, இல்ல அவனையும் சாம்பல் போட்டுத் தொலக்கிக் கவுத்து வச்சிட்டியா?"

அவள் புருஷன் உண்மையிலேயே அப்போதுதான் குளித்துவிட்டு மூலையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். லயமே சிரித்தது.

எங்கள் லயத்தில் யார் வீட்டுத் தகரத்திலும் தண்ணீர் தேங்காது. மருந்தே இல்லாத அந்தக் காலத்தில் எங்கள் லயத்தில்தான் காய்ச்சல் குறைவு. காரணம் அந்த வாய்தான்.

ஒரு தடவை அக்காவே உடம்பு சரியில்லாமல் படுத்துவிட்டாள். அன்றைக்கு ராக்காயி வீட்டு முறை. மூன்று மணியிலிருந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, குடும்பத்தோடு கிளம்பி அக்காவின் அறைக்கே போய்விட்டார்கள். "எங்க முறைய விட்டுட்டீங்களேக்கா, மத்த வீட்டுக்காரங்க என்னா நெனைப்பாங்க?" என்று ராக்காயி கண்ணைக் கசக்கினாள். அக்கா படுக்கையிலிருந்தே கையைத் தூக்கிக் கால் மணி நேரம் ஏசினாள். அவர்கள் நிம்மதியாகத் திரும்பி வந்தார்கள். அக்கா நம்மைத் தாண்டிப் போய்விட்டால் நாம் கணக்கிலேயே இல்லை என்று ஆகிவிடுமே! அந்தப் பயம்தான்.

ஜப்பான்காரன் கதையைச் சொல்ல வேண்டும். பங்களாவில் ஓர் அதிகாரி குடியிருந்தான். அவனைப் பார்த்தால் எல்லோரும் இடுப்பை வளைத்துக் குனிய வேண்டும். குனியாதவன் கன்னம் வீங்கும். ஒரு நாள் அக்கா ஐந்தாம் வீட்டு வாசலில் கையைத் தூக்கி உச்சத்தில் இருக்கிறாள். முதுகுக்குப் பின்னால் அவன் வந்து நிற்கிறான். கூடவே தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஐயா. லயமே குனிந்துவிட்டது. அக்கா மட்டும் திரும்பவில்லை. அதிகாரி கையை ஓங்கிவிட்டான்.

கிராணி ஐயாவுக்கு என்ன தோன்றியதோ, "செம்பாயாங், துவான்! செம்பாயாங்!" என்று கத்தினார். மலாயில் துவான் என்றால் துரை, செம்பாயாங் என்றால் சாமி கும்பிடுவது.

ஓங்கின கை கீழே இறங்கியது. தூக்கின கை, ஆடுகிற தலை, மூச்சு விடாத மந்திரம், எதிரே தலை கவிழ்ந்து நிற்கும் ஒரு குடும்பம். அவனுக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும். குதிகாலைச் சேர்த்து வைத்து அக்காவின் முதுகைப் பார்த்துக் குனிந்தான் பாருங்கள்!

அக்கா அப்போதுதான் திரும்பினாள். கண்ணில் பயம் தெரிந்தது ஒரு நொடி. மறு நொடியே கையைக் கீழே போடாமல் ஐந்தாம் வீட்டுக்காரியிடம் திரும்பிவிட்டாள்.

"பாத்தியாடி? ஊரப் பிடிக்க வந்தவனே குனியிறான். ஒரு வாசலக் கூட்ட உனக்குக் குனிய முடியல!"

அன்றையிலிருந்து அந்த அதிகாரி எப்போது லயத்துப் பக்கம் வந்தாலும், அக்கா நின்றுகொண்டிருந்தால், முடிகிற வரைக்கும் தள்ளி நின்று காத்திருப்பான். ஜப்பான்காரன் காலத்தில் ஜொகூரில் வாயைத் திறந்து பேச ஒரே ஒரு ஆளுக்குத்தான் அனுமதி இருந்தது. அது எங்கள் மண்டகப்படி அக்காவுக்கு.

என் அண்ணனுக்குப் பத்தாம் நாள் என்றால் திருவிழா. "செல்லா, நாளைக்கு நம்ம முறைடி!" என்று முதல் நாளே சொல்லிவிடுவான். வேண்டுமென்றே மண்வெட்டியை வாசலில் குறுக்கே போடுவான், அக்காவுக்குத் தொடங்க வசதியாக இருக்கட்டும் என்று. அவள் ஏச ஏச, மண்டியிட்டு உட்கார்ந்து, "அப்பிடிப் போடுக்கா" என்று தொடை தட்டுவான். அம்மா போன பிறகு அவனை யாரும் அதட்டியதில்லை. எனக்கு அது அப்போது புரியவில்லை.

எனக்கு ரோஷம் அதிகம். இருக்கிறது இரண்டு பாவாடை, அதில் ஒன்று மாவுச் சாக்கில் தைத்தது. ஆனாலும் தலையைத் தூக்கித்தான் நடப்பேன். இப்போதும் அப்படித்தான்.

செனாய்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். வந்த நாள் எங்கள் பத்தாம் நாள். அண்ணன் யோசிக்கவில்லை, நானும் மறந்துவிட்டேன். ராக்காயி அக்காவின் கல்யாணச் சேலையை வாங்கிக் கட்டிக்கொண்டு, வறுத்த சோளத்தில் போட்ட காப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை முன்னால் வந்து நின்றேன். சாக்கடைக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது போல நாலு மணிக்கு அக்கா நின்றாள்.

"யாரு சேலைடி இது? ராக்காயி சேலையா? கட்டுறதுதான் கட்டுற, ஒழுங்கா கட்டக்கூடாதா? கொடியில காயப் போட்ட மாதிரி இருக்கு! பொண்ணு பாக்க வந்தவங்களே, நல்லாப் பாத்துக்குங்க. கிழங்கு அவிக்கச் சொன்னா கல்லு அவிப்பா. கோவம் வந்தா மூணு நாளு பேசமாட்டா. ஆனா அண்ணனுக்கு முந்தி ஒரு வாய் தின்னதில்ல, இதையும் கேட்டுக்குங்க!"

கடைசியில் சொன்னதை நான் காதில் வாங்கவே இல்லை. சேலைப் பேச்சிலேயே செத்துப் போய்விட்டேன். மாப்பிள்ளையின் அம்மா சிரித்துவிட்டு, "எங்க பையன் வேட்டியும் பக்கத்து வீட்டு வேட்டிதான் ஆயி" என்றார். அந்த வேட்டிக்காரரைத்தான் ஜப்பான் சண்டை முடிந்த பிறகு நான் கட்டிக்கொண்டேன். ஆனால் அன்றைக்கு எனக்கு அந்தச் சிரிப்பு ஆறவில்லை. அவர்கள் போனதும் வாசலுக்கு வந்தேன். அக்கா தண்ணீருக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

அதுவரைக்கும் "நீங்க" என்றே பேசின என் வாய், அன்றைக்கு "நீ" என்றது.

"இனிமே எங்க வீட்டு வாசல்ல வந்து நிக்காத. உன் மண்டகப்படியும் வேணாம், நீயும் வேணாம். புருஷன் வச்சு வாழாதவளுக்கு அடுத்த வீட்டுல என்னா வேலை?"

அவள் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். செருகியிருந்த முந்தானையை மெதுவாக எடுத்துவிட்டுக்கொண்டு, தண்ணீர் குடிக்காமல் திரும்பிப் போனாள்.

"ஏண்டி இப்பிடிப் பேசின?" என்று மட்டும் கேட்டான் அண்ணன்.

"ஆமா, உனக்குத்தான் ஏச்சு வாங்காட்டி சோறு எறங்காதே. போய் அவ வீட்டுலயே இரு" என்றேன்.

அதற்குப் பிறகும் முறை நடந்தது. ஒன்றிலிருந்து ஒன்பது வரைக்கும். பத்தாம் நாள் அக்கா எங்கும் போகமாட்டாள். தன் அறை வாசலில் உட்கார்ந்து, பொழுது சாய்கிற வரைக்கும் வாயைத் திறக்காமல் இருப்பாள். யாராவது போய், "பத்தாம் வீடுதான் வேணாங்குதே, அந்த நாளையும் எங்களுக்கே குடுங்களேன்" என்று கேட்டால் முறைப்பாளாம். அண்ணன் என்னிடம் வந்து சொன்னான்: "பாத்தியா செல்லா, நம்ம முறைய அவ யாருக்கும் குடுக்கல." நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்படியே எட்டு முறை போனது.

பிறகு அந்த நாள் வந்தது.

அன்றைக்கு நாலாம் வீட்டு முறை. அக்கா ஆபிசிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தாள். முதல் வீட்டு வாசலில் நின்று கையைத் தூக்கினாள். முறை இல்லாத வீடு! முடித்துத் தண்ணீர் கேட்காமலே இரண்டாம் வீட்டுக்கு நகர்ந்தாள். அப்புறம் மூன்று, நான்கு. ஒரே சாயங்காலத்தில் வரிசையாக எல்லா வீட்டுக்கும் ஏச்சு. கிழங்குத் தோட்டத்தை மேற்பார்வை பார்க்கிற ஜப்பான்காரனின் ஆள் ஒருவன் சைக்கிளில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அது தினம் பார்க்கிற பூசை.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இவள் பத்தாவதாக எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறாள், மற்ற ஒன்பதும் சாக்கு என்று தோன்றியது. ஊரைக் கூட்டிக்கொண்டு வந்து என் மேல் பழி தீர்க்கப் போகிறாள். உள்ளே போனேன். கதவைச் சாத்திக் குறுக்குக் கட்டையைப் போட்டேன். காய்ந்த மரவள்ளியை உரலில் கொட்டி, உலக்கையை எடுத்து இடிக்கத் தொடங்கினேன். அவள் குரல் காதில் விழக்கூடாது என்று, கை கொப்பளிக்க இடித்தேன். வாசலில் நின்று கத்துகிறாள், கத்துகிறாள். மற்ற வீடுகளில் நின்றதைவிட ரொம்ப நேரம் நின்றாள். நடுவில் கதவைத் தட்டின மாதிரிகூட இருந்தது. இன்னும் ஓங்கி இடித்தேன்.

மாவு பொடியாகி, தூசாகி, சத்தம் ஓய்ந்த பிறகுதான் நிறுத்தினேன்.

அண்ணன் கிழங்குத் தோட்டத்திலிருந்து வந்தான். "என்னடி, லயமே கப்சிப்னு கெடக்கு?"

"அவளுக்குப் பைத்தியம் முத்திடுச்சு. எல்லா வீட்டுலயும் நின்னு கத்திட்டுப் போறா."

"நம்ம வீட்டுக்கும் வந்தாளா?"

"வந்தா. கதவச் சாத்திட்டேன்."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "வந்துட்டால்ல!" என்றான். அன்றைக்குக் கிழங்கை ரசித்துத் தின்றான்.

விடிந்ததும் பெரட்டு. ஆபிஸ் முன்னால் எல்லோரும் வரிசையில் நின்று பெயர் கொடுக்கிற இடத்தை அப்படித்தான் சொல்வோம். அண்ணனும் நானும் போய் நின்றோம். பெண்கள் வரிசை நிறைந்திருந்தது. ஆண்கள் வரிசையில் அண்ணனும் நொண்டிப் பண்டாரமும் மட்டும். ராக்காயி அக்கா என்னைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தாள்.

"அடிப்பாவி, அவன ஏண்டி கூட்டியாந்த?"

"ஏன்க்கா?"

"அக்கா உன் வாசல்லதானடி ரொம்ப நேரம் நின்னு கத்துச்சு? கேக்கல?"

அப்போதுதான் லோரி வந்தது. பின்னால் பக்கத்துத் தோட்டத்து ஆண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள். முதல் நாளே கிராணி ஐயாவைப் பெயர்ப் பட்டியல் எழுத வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஜப்பான்காரனின் ஆள் இருந்ததால் அவரால் எழுந்து வர முடியவில்லை. தரை கூட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் மட்டும் முணுமுணுத்திருக்கிறார். அவள் அதைத்தான் வீடு வீடாக ஏசியிருக்கிறாள்: "நாளைக்குப் பெரட்டுக்கு உன் புருஷன இந்த மூஞ்சியோடயா அனுப்புவ? அதுக்குப் பதிலா இன்னைக்கே சதுப்புக்காட்டுல கொண்டு போய்த் தள்ளுடி! மொதல தின்னட்டும்! லோரியில போறதுக்கு அது மேலு!"

ஒரே நாளில் இரண்டு வீடு ஏசாதவள் பத்து வீடு ஏசினாள். சாவு வார்த்தையே சொல்லாதவள் முதலை தின்னட்டும் என்றாள். ஒன்பது வீட்டுக்கும் புரிந்துவிட்டது. ஆண்கள் எல்லோரும் இருட்டுவதற்குள் சதுப்புக்காட்டுக்குள் போய்விட்டார்கள். பத்தாம் வீட்டுக்காரி மட்டும் மாவு இடித்துக்கொண்டிருந்தாள். என் வாசலில்தான் அதிகம் கத்தினாள் என்பதால், நான் கேட்டிருப்பேன் என்று மற்றவர்களும் விட்டுவிட்டார்கள்.

மற்ற ஆட்கள் எங்கே என்று அதிகாரி கத்தினான். "வாந்திபேதி, துவான். எல்லாருக்கும்" என்றார் கிராணி ஐயா. வாந்திபேதி என்றதும் ஜப்பான்காரன் இரண்டடி பின்னால் போனான். லயத்துப் பக்கம் போகவில்லை. கிராணி ஐயாவுக்கு இரண்டு அறை விழுந்தது. பண்டாரத்தின் காலைப் பார்த்து ஒதுக்கிவிட்டு, அண்ணனை லோரியில் ஏற்றினார்கள்.

நான் ஓடினேன். ராக்காயி என்னைப் பிடித்துக்கொண்டாள். அப்போது ஆபிஸ் வாசலிலிருந்து, கையில் விளக்குமாறோடு அக்கா வந்தாள். நேரே லோரிக்குப் பின்னால் போய் நின்றாள். விளக்குமாற்றைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். கையைத் தூக்கினாள். டிரைவர் வண்டியைக் கிளப்பப் பார்த்தான். பங்களா அதிகாரி அவனை அதட்டி நிறுத்திவிட்டு, குதிகாலைச் சேர்த்து வைத்துக் காத்து நின்றான்.

"டேய் காத்தமுத்து! எட்டு முறை விட்டுப்போச்சுடா உனக்கு! எட்டையும் இப்பவே வாங்கிக்க! போற எடத்துல ஆத்துத் தண்ணிய மொண்டு அப்பிடியே குடிச்சே, வந்து வெளக்குமாத்தால போடுவேன். காய வச்சுக் குடி! கால்ல முள்ளு குத்தி அதை அப்பிடியே விட்டே, அந்தக் கால ஒடிச்சு அடுப்புல வைப்பேன்! மழையில நனைஞ்சுக்கிட்டு நின்னே, உன்னக் கொடியில கட்டித் தொங்க விடுவேன்! உன் சோத்த எவனுக்காவது தூக்கிக் குடுத்தே, தொலைஞ்சே! நீ குடுப்படா, நீ அப்பிடிப்பட்ட மடையன்தான்! ஓட வழி கெடைச்சும் ஓடாம நின்னே, உன்ன மாதிரி சோம்பேறி ஜொகூர்லயே கெடையாதுன்னு மெர்சிங் வரைக்கும் தமுக்கடிப்பேன்! வேலையில எவன்கிட்டயும் வீரம் காட்டாத! காய்ச்சல் வந்தா மறைக்காத!"

அண்ணன் லோரியில் மண்டியிட்டு உட்கார்ந்து தொடை தட்டினான். "அப்பிடிப் போடுக்கா!" என்றான். சிரிப்பில் கண்ணெல்லாம் தண்ணீர். பக்கத்தில் இருந்த ஆட்களும் சிரித்தார்கள். அந்த லோரியில் சிரித்தார்கள், நம்புங்கள்.

"எட்டாவது! திரும்பி வராம மட்டும் இருந்தே..."

அங்கே நின்றுவிட்டாள். ஜொகூரில் யாருக்கும் இல்லாத வாய். வராவிட்டால் என்ன செய்வாள் என்று மட்டும் அதற்குச் சொல்ல வரவில்லை. தூக்கின கை அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து இறக்கினாள்.

"தண்ணி குடு" என்றாள்.

அண்ணன் பெரட்டுக்குக் கொண்டுவந்த தண்ணீர்ப் போத்தலை நீட்டினான். அண்ணாந்து குடித்தாள். பாதியை வைத்து அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். அதிகாரி குனிந்தான். லோரி கிளம்பியது. "செல்லா, சாப்புடாம இருக்காதடி!" என்று அண்ணன் கத்தினது புழுதிக்குள்ளிருந்து கேட்டது.

அவன் வரவில்லை. சண்டை முடிந்து சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். கூட இருந்த ஒருவர், காத்தமுத்து தண்ணீரைக் காய வைத்துத்தான் குடிப்பான், எங்களையும் அப்படித்தான் குடிக்கச் சொல்வான், கேட்காவிட்டால் யாரோ ஓர் அக்கா மாதிரி ஏசுவான் என்றார். சோற்றை மட்டும் அடுத்தவனுக்குக் கொடுப்பானாம்.

லோரி போன பிறகு வந்த பத்தாம் நாள், நான் கதவை விரியத் திறந்து வைத்தேன். வாசலைக் கூட்டவில்லை. சட்டி கழுவவில்லை. மண்வெட்டியைக் குறுக்கே போட்டேன். நாலு மணிக்கு அக்கா வந்தாள். நான் தலை கவிழ்ந்து நின்றேன்.

"ஏசுங்கக்கா" என்றேன். "எல்லாத்துக்கும் சேத்து ஏசுங்க."

அவள் முந்தானையைச் செருகினாள். ஆனால் கையைத் தூக்கவில்லை. உள்ளே வந்து விளக்குமாற்றை எடுத்து வாசலைக் கூட்டினாள். மண்வெட்டியை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"உன்ன நீயே ஏசிக்கிட்டு இருக்கடி. அதுல நான் எதுக்கு நடுவுல?" என்றாள். "தண்ணி குடு."

நான் கல்யாணமாகிச் செனாய்ப் பக்கம் போகிற வரைக்கும் அப்படித்தான். மற்ற ஒன்பது வீட்டுக்கும் ஏச்சு. பத்தாம் நாள் எங்கள் வீட்டு வாசலைக் கூட்டிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போவாள். "நீ" என்று பேசினதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு பத்தாம் நாளும் நினைத்தேன். கேட்கவில்லை. ரோஷம். அவள் இறந்த செய்தி எனக்கு வந்து சேர்வதற்குள் பதினாறாம் நாளும் ஆகிவிட்டது.

இப்போது வீட்டில் எனக்கு மரியாதைக்குக் குறைவில்லை. நான் என்ன செய்தாலும் யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. பத்து நாளைக்கு ஒரு தடவை வாசலைக் கூட்டாமல் விட்டுவிடுகிறேன். மருமகள் ஏன் என்று கேட்டால் முட்டி வலி என்று சொல்லிவிடுவேன். நாலு மணிக்கு வாசலில் ஒரு செம்பு தண்ணீர் மட்டும் கொண்டுவந்து வைப்பேன்.